பட்டறை இயந்திரத்துக்கு மின்கம்பியும் பிளக்கும் தேர்ந்தெடுக்கும் முறை

சிறு பட்டறையில் புதிய இயந்திரம் வந்து இறங்கியதும், அதை எந்தப் பாயிண்டில் செருகுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இயந்திரம் எந்த மின்னழுத்தத்தில் ஓடும், எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கேற்ற கேபிளைத் தேர்ந்தெடுத்து, மின்னோட்டம் எல்லை மீறினால் தானே துண்டித்து அந்தக் கேபிளைக் காக்கும் எம்.சி.பி.யை முடிவுசெய்த பிறகே பிளக்கின் முறை வரும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் 16 ஆம்பியர் பாயிண்டுக்குள் எல்லா இயந்திரத்தையும் அடக்கப் பார்ப்பதால்தான் பிளக்குகள் கருகுகின்றன, சாக்கெட்டுகள் உருகுகின்றன.

லேத், கம்ப்ரசர், வெல்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின் போன்றவற்றை வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பட்டறை உரிமையாளர், தன் ஒயர்மேன் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு சரிபார்க்க உதவும் நோக்கில் இது எழுதப்படுகிறது. இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டே செய்ய வேண்டும். விதி அப்படி இருப்பது மட்டும் காரணமன்று. 415 வோல்ட் என்பது பழகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமே அல்ல.

மின்வாரியம் தருவது என்ன?

த்ரீ பேஸ் இணைப்பில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஏதேனும் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 முதல் 240 வோல்ட்டும், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 முதல் 415 வோல்ட்டும் இருக்கும். எர்த் கம்பி மின்வாரியக் கம்பத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலான பட்டறைகளில் அது நாமே குழி தோண்டிப் புதைத்த எர்த்திலிருந்து வருகிறது. இந்த வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாகப் போகிறது.

இயந்திரங்கள் இந்த நான்கு கம்பிகளையும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை. கைக் கிரைண்டர், சிறு கம்ப்ரசர், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஆகியவை ஒரு பேஸும் நியூட்ரலும் எடுத்துக்கொள்கின்றன. சாதாரண த்ரீ பேஸ் மோட்டாருக்கு மூன்று பேஸ்கள் போதும், நியூட்ரல் தேவையில்லை. கட்டுப்பாட்டுப் பலகைக்குள் 230 வோல்ட் தேவைப்படும் இயந்திரங்களுக்கு மூன்று பேஸ்களோடு நியூட்ரலும் வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் வகை வெல்டிங் மெஷின்கள் பல, நியூட்ரலே இல்லாமல் இரண்டு பேஸ்களுக்கு இடையே ஓடுபவை. அவற்றுக்கு ஒரே ஒரு பேஸை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் வைத்தால், மெஷின் நின்றுபோனாலும் மற்றொரு பேஸ் உள்ளே உயிரோடுதான் இருக்கும். ஆகவே இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சே வைக்க வேண்டும்.

பெயர்ப்பலகையைப் படித்தல்

இயந்திரத்தின் உடலில் அறையப்பட்டிருக்கும் சிறு தகட்டில்தான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. மோட்டாரின் தகட்டில் உள்ள கிலோவாட் என்பது தண்டில் கிடைக்கும் திறனே தவிர, மின்சாரத்திலிருந்து இழுக்கும் திறன் அன்று. 5 எச்.பி., அதாவது 3.7 கிலோவாட் த்ரீ பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறத்தாழ 7 முதல் 7.5 ஆம்பியர் இழுக்கும். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரோ 11, 12 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். குதிரைத்திறன் பாதிக்கும் குறைவாக இருந்தும் மின்னோட்டம் கூடுதலாக இருப்பதைப் பார்த்தாலே, த்ரீ பேஸ் கிடைக்கும் இடத்தில் சிங்கிள் பேஸ் மோட்டாரை ஏன் வாங்கக்கூடாது என்பது விளங்கிவிடும்.

தகட்டில் ஸ்டார், டெல்டா (மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் இரு முறைகள்) என்று இரண்டு மின்னழுத்தங்கள் இருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும். "டெல்டா 230, ஸ்டார் 400" என்று குறிக்கப்பட்ட மோட்டாரை நம் இணைப்பில் ஸ்டாராகத்தான் கட்ட வேண்டும். அதை டெல்டாவில் கட்டினால், 230 வோல்ட்டுக்கு வடிவமைத்த சுருளின் மேல் 400 வோல்ட் விழுந்து, சுருள் சிறிது நேரத்திலேயே எரிந்துவிடும். "டெல்டா 400" என்று குறித்த மோட்டாரை டெல்டாவில்தான் ஓட்ட வேண்டும்; ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதற்கு ஏற்றதும் இந்த வகைதான்.

வெல்டிங் மெஷின் விஷயத்தில் ஏமாறுவது எளிது. கையால் ஏந்திச் செல்லும் அளவுக்குச் சிறிய 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் வீட்டுச் சாதனம் போலத் தோன்றும். ஆனால் 200 ஆம்பியரில் ஆர்க்கின் மின்னழுத்தம் ஏறத்தாழ 28 வோல்ட். ஆக வெளியே செல்லும் திறனே 5.6 கிலோவாட். உள்ளிழப்பையும் சேர்த்தால் உள்ளே நுழைவது 6.5 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 230 வோல்ட்டில் குறைந்தது 28 ஆம்பியர்; பவர் பேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் பயனாகும் பங்கு) குறைந்த மலிவு மெஷின்களில் இது 35-ஐயும் தாண்டும். அதே மெஷினை 80 ஆம்பியரில் வைத்து 2.5 மில்லிமீட்டர் ராடு எரித்தால் 16 ஆம்பியர் பிளக் ஒருவாறு தாங்கிவிடுகிறது. இதனால்தான் "இத்தனை நாள் ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்கிறார்கள். யாரோ ஒருவர் 4 மில்லிமீட்டர் ராடை மாட்டும் நாளில் பிளக் கருகுகிறது. முழுத் திறனில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் குறைந்தது 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக்கும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும் வேண்டும்.

கேபிளின் தடிமனும் நீளமும்

கேபிள் சூடாகாமல் தாங்குமா என்பது ஒரு கேள்வி. இயந்திரத்தின் முனையில் போதிய வோல்ட் மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. கடையில் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கிடைக்கும்.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். போர்டிலிருந்து 30 மீட்டர் தொலைவில் 2 எச்.பி. சிங்கிள் பேஸ் கம்ப்ரசர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவுமாக 60 மீட்டர் கம்பி. அதன் மின்தடை 0.44 ஓம். ஓடும்போது 12 ஆம்பியருக்கு இழப்பு ஐந்து வோல்ட்டைச் சற்றே தாண்டும். அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 72 ஆம்பியர் இழுக்கும். அப்போது கம்பியிலேயே 32 வோல்ட் வீணாகி, மோட்டாருக்கு 200 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். மாலை நேரத்தில் மின்வாரிய வோல்டேஜே இறங்கியிருந்தால், காற்றழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு செல்வதற்கு முன், 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

சூட்டின் கணக்கிலும் ஒரு திருத்தம் உண்டு. கேபிள் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள ஆம்பியர் அளவு, குறிப்பிட்ட வெப்பநிலையில் தனியாகச் செல்லும் கேபிளுக்கு உரியது. தகரக் கூரைக்கு அடியில், நான்கைந்து சர்க்யூட்டுகள் ஒரே குழாயில் திணிக்கப்பட்டிருக்கும் பட்டறையில் அந்த அளவு கிடைக்காது. அட்டவணை காட்டுவதைவிட ஓர் அளவு தடித்த கேபிளைப் போடுவதே என் பரிந்துரை. செம்பு விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் மோட்டார் சுருள் கட்டும் கூலியையும் கேட்டுப் பார்க்கலாம். எக்ஸ்டென்ஷன் கேபிளை உருளையில் சுற்றியபடியே வைத்து வெல்டிங் செய்வதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சுற்றுகளுக்கு இடையே சூடு வெளியேற வழியின்றி, மேல்சுற்று குளிர்ந்திருக்கும்போதே உள்சுற்றின் பி.வி.சி. இளகிவிடும்.

எம்.சி.பி., ஓவர்லோடு ரிலே, எர்த்

எம்.சி.பி. காப்பது கேபிளைத்தான். ஆகவே அதன் ஆம்பியர் அளவு கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. அடிக்கடி விழுகிறது, அதாவது தானே துண்டித்துக்கொள்கிறது என்பதற்காக 16-ஐ எடுத்துவிட்டு 32-ஐ மாட்டுபவர், கேபிளையே ஃபியூஸாக மாற்றிவிடுகிறார். விழுவதன் காரணம் பெரும்பாலும் வகையில் இருக்கிறது. பி வகை எம்.சி.பி. தன் அளவின் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்திலேயே உடனடியாகத் துண்டித்துவிடும். சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் துண்டிக்கும். மேலே சொன்ன 72 ஆம்பியர் கிளம்பல், பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி.யை விழவைக்கக்கூடும், அதே 16 ஆம்பியரில் சி வகை 80 ஆம்பியருக்குக் கீழே உடனடியாக விழாது. அளவை ஏற்றாமல் வகையை மாற்றுவதே சரியான வழி.

மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே. அதைப் பெயர்ப்பலகையில் உள்ள முழுச் சுமை மின்னோட்டத்துக்கு வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருளின் வழியில் பொருத்தப்பட்டிருந்தால், அந்த அளவின் 0.58 மடங்குக்கு வைக்க வேண்டும், 14.5 ஆம்பியர் இழுக்கும் 10 எச்.பி. மோட்டாருக்கு அது 8.4 ஆம்பியர். ரிலேயில் இந்த அளவை வைக்கும் திருகை உச்சத்துக்குத் திருப்பி வைத்திருக்கும் பட்டறைகள் ஏராளம். ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேசிங் பிரிவென்டரும் உடன் இருப்பது நல்லது.

இனி எர்த். நல்ல எர்த் குழி இருந்தால் போதும், ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை. நம் எர்த்தின் மின்தடை 3 ஓம், மின்வாரிய டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் எர்த் 1 ஓம் என்று கொள்வோம். லேத்தின் உடலில் ஒரு பேஸ் பட்டுவிட்டால், 230-ஐ 4-ஆல் வகுக்க, மண்வழியே ஓடுவது ஏறத்தாழ 57 ஆம்பியர். சி வகை 32 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ 160 ஆம்பியராவது வேண்டும். 57 ஆம்பியருக்கு அது சூடேறித்தான் விழும், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை 3 ஓமின் மேல் விழும் 170 வோல்ட் லேத்தின் உடலில் நிற்கும். தொட்டவரைக் காக்க அந்த எர்த்தால் மட்டும் முடியாது. இந்த இடைவெளியை நிரப்புவது, எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.; கையால் தொட்டு வேலை செய்யும் இயந்திரங்களின் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் கொண்டது வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கசிவு ஓடுவதற்கு வழியின்றி, மனிதர் தொடும் கணம் வரை ஆர்.சி.சி.பி. காத்திருக்க நேரும். ஆகவே ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிட முடியாது.

ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுகிறது என்ற புகாரில், அதற்குப் பின்னால் நியூட்ரல் எங்கோ எர்த்தோடு சேர்ந்திருப்பதோ, இரண்டு ஆர்.சி.சி.பி.களின் நியூட்ரல்கள் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பதோதான் பலமுறை காரணமாக இருக்கும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் உள்ள இயந்திரங்கள் இயல்பாகவே சிறிது கசிவைத் தருபவை. அவற்றின் கையேட்டில் எந்த வகை ஆர்.சி.சி.பி. கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இடத்தில் நிறுத்தப்பட்ட 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது நம் நாட்டின் மின் பாதுகாப்பு விதி. ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் மற்றொன்று இருக்கும் என்பதே இதன் நியாயம். ஆகவே இரண்டையும் ஒரே போல்ட்டில் முடுக்குவதால் பயனில்லை.

பிளக்கும் சாக்கெட்டும்

வீடுகளில் காணும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்குகள் ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தரத்தைச் சார்ந்தவை. பட்டறையில் கைக் கிரைண்டர், டிரில் ஆகியவற்றோடு இவற்றின் வேலை முடிந்துவிட வேண்டும். தொடர்ந்து 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் எதற்கும் இண்டஸ்ட்ரியல் பிளக்கே ஏற்றது.

உருளை வடிவில், மூடியோடு வரும் இந்தப் பிளக்குகளின் நிறமே மின்னழுத்தத்தைச் சொல்லிவிடும்: மஞ்சள் 110 வோல்ட், நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட் அளவு. 16, 32, 63, 125 என ஆம்பியர் ஏற ஏற உருவமும் பெரிதாவதால் 16 ஆம்பியர் பிளக் 32 ஆம்பியர் சாக்கெட்டில் பொருந்தாது. எர்த் முனை மற்றவற்றைவிடத் தடித்தது. அது இருக்கும் இடமும் மின்னழுத்தத்துக்கேற்ப மாறுவதால், தவறான சாக்கெட்டில் செருகவே முடியாது. தூசியும் நீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்வது ஐ.பி. எண்: ஐ.பி. 44 என்றால் நீர்த்துளி தெறித்தாலும் தாங்கும், ஐ.பி. 67 சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும்.

சிவப்பு வகையில் நான்கு முனை, ஐந்து முனை என்று இரண்டு உண்டு. நான்கு முனையில் மூன்று பேஸும் எர்த்தும். ஐந்து முனையில் நியூட்ரலும் சேரும். நியூட்ரல் தேவைப்படும் இயந்திரத்துக்கு நான்கு முனைப் பிளக்கை மாட்டி, எர்த் முனையையே நியூட்ரலாகப் பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் கம்பி எங்கேனும் அறுந்தால், இயந்திரத்தின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். புதிதாகப் போடும் சாக்கெட்டுகளை ஐந்து முனையாகவே போட்டுவிட்டால் இந்தச் சபலத்துக்கு இடமில்லை.

சாக்கெட் எப்போதும் மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும்; வெளியே நீட்டிய முனைகள் இயந்திரத்தின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மின்வெட்டின்போது ஜெனரேட்டரிலிருந்து இருபுறமும் முனை நீட்டிய கேபிளைக் கொண்டு சுவர் சாக்கெட்டுக்குள் மின்சாரம் ஏற்றுபவர், கையில் உயிருள்ள முனைகளைப் பிடித்திருப்பதோடு, மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியப் பணியாளரையும் கொல்லக்கூடும். ஜெனரேட்டருக்கு, அதையும் மின்வாரிய இணைப்பையும் ஒருசேர இணையவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் தவிர வேறு வழி கிடையாது.

இடம் மாறாத லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் பிளக்கே வேண்டியதில்லை என்பது என் கருத்து. அருகிலேயே, ஆபரேட்டரின் கைக்கெட்டும் தூரத்தில் பூட்டக்கூடிய ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை வைத்து நேரடியாக இணைத்துவிடுவது நல்லது. பழுதாகவும் தளரவும் கூடிய ஓர் இணைப்பு குறைகிறது.

பிளக்கைக் கேபிளில் மாட்டும்போது எர்த் கம்பியை மற்றவற்றைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாக விட வேண்டும்; கேபிள் பிடுங்கப்பட்டாலும் கடைசியில் அறுவது அதுவாக இருக்கும். உள்ளே உள்ள பிடிப்பான் கேபிளின் வெளியுறையைக் கவ்வ வேண்டும், உள்கம்பிகளை அல்ல. பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பூசித் திருகில் முடுக்கக்கூடாது. அழுத்தத்தில் ஈயம் மெல்ல இளகி, இணைப்பு தளர்ந்து சூடேறும். நுனிக்குழல் (ஃபெர்ரூல்) அழுத்திப் பொருத்துவதே முறை.

நிறத்தை நம்பலாமா?

நம் வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ்கள், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். ஐரோப்பிய முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை பேஸ்கள், நீலம் நியூட்ரல்; சீனாவிலிருந்து ஏற்றுமதியாகும் பல இயந்திரங்களிலும் இதுவே காணப்படும். ஆக நம் நியூட்ரல் நிறம் அவர்களின் பேஸ், நம் பேஸ் நிறம் அவர்களின் நியூட்ரல். நிறத்துக்கு நிறம் பார்த்து இணைத்தால், 230 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றின் மேல் 400 வோல்ட் விழுந்து பலகை புகைந்துவிடும். இறக்குமதி இயந்திரத்தில் டெர்மினல் மேல் எழுதியிருக்கும் எழுத்தையும் சுற்றுப்படத்தையும் பார்த்தே இணைக்க வேண்டும். இரண்டு முறைகளிலும் பொதுவாக இருப்பது பச்சை-மஞ்சள் எர்த் ஒன்றுதான்.

அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரம் தருவிப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். அங்கே 240 வோல்ட் என்பது நியூட்ரலின் இருபுறமும் 120 வோல்ட்டாக நிற்கும் இரண்டு உயிருள்ள கம்பிகளுக்கு இடையே கிடைப்பது. கறுப்புக் கம்பி அங்கே உயிருள்ளது, வெள்ளை பெரும்பாலும் நியூட்ரல். இயந்திரத்தில் இரண்டு உயிர்க்கம்பியும் எர்த்தும் மட்டும் இருந்தால் நம் பேஸையும் நியூட்ரலையும் கொடுக்கலாம். உள்ளே 120 வோல்ட் விளக்கோ ரிலேயோ இருந்தால் அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் இன்றி வழியில்லை. மேலும் அது 60 ஹெர்ட்ஸ் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். 3450 சுற்று ஓடியது 2875 அளவுக்கு இறங்கும். ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் வோல்ட் 4-லிருந்து 4.6 ஆக உயர்வதால் இரும்பில் காந்தப்புலம் கூடி மோட்டார் வழக்கத்தைவிடச் சூடாகும். அடாப்டர் மாட்டிச் சமாளிக்காமல், பிளக்கையே வெட்டி நம் இண்டஸ்ட்ரியல் பிளக்கை மாட்ட வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன்

மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மின்சாரம் இல்லை என்பதை நியான் டெஸ்டரை வைத்து முடிவுசெய்யக்கூடாது. மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதிசெய்து, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தை அளந்து, மீண்டும் உயிருள்ள இடத்தில் சரிபார்க்க வேண்டும். இடையில் மீட்டரே பழுதாகியிருக்கவும் கூடும் என்பதற்காகவே இந்த மூன்றாவது அளவு.

இணைப்பு முடிந்ததும், மின்னணுப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே மின்காப்பை அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் இணைக்கக்கூடாது. சாக்கெட்டில் மின்சாரம் கொடுத்து, இயந்திரத்தைச் செருகாமல், பேஸ்களுக்கு இடையே மூன்று அளவுகளையும், ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று அளவுகளையும் எடுக்க வேண்டும். பேஸ்-நியூட்ரல் அளவுகளில் ஒன்று 180, மற்றொன்று 280 என்று விலகி நின்றால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதையும் செருகக்கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் காரணம் தேட வேண்டும்.

த்ரீ பேஸ் மோட்டாரை முதன்முதலாக ஓட்டும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கணம் மட்டும் சுழலவிட்டுத் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுழன்றால் ஏதேனும் இரண்டு பேஸ்களை இடம் மாற்றினால் போதும். ஸ்க்ரூ கம்ப்ரசர் தலைகீழாகச் சில நொடிகள் ஓடினாலே கெட்டுவிடக்கூடும். மரை மூலம் பொருத்திய லேத் சக்கோ திடீரென எதிர்த்திசையில் கிளம்பினால் கழன்று பறக்கக்கூடும். பட்டறையின் எல்லாச் சிவப்பு சாக்கெட்டுகளிலும் பேஸ் வரிசை ஒன்றாக இருக்கும்படி இப்போதே அமைத்துவிட்டால், இயந்திரத்தை எங்கே மாற்றிச் செருகினாலும் திசை மாறாது.

முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டி, கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களிலும் ஆம்பியரை அளந்து பெயர்ப்பலகையோடு ஒப்பிட வேண்டும். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிளக்கின் வெளியுறையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. புதிய செம்பு முனைகள் சூடேறிக் குளிர்வதில் சற்றே அமுங்குவதால், முதல் மாத முடிவில் எல்லா டெர்மினல்களையும் மின்சாரம் இல்லாத நிலையில் ஒருமுறை மீண்டும் முடுக்கச் சொல்லி ஒயர்மேனிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.